நின்று போன கல்யாணமும் வாடகைப் பாத்திரமும்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்க யாராவது இருப்பார்கள். முகூர்த்தத்துக்கு முன்பே நின்று போனால்? ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பாத்திரம் மண்டபத்திலேயே கிடக்கும். லினக்ஸ் கெர்னலின் ஃபைல்சிஸ்டம் நிரல்களில் வரும் மெமரி லீக்குகள் பல இந்த ரகம்தான்.

ஒரு பென்டிரைவை மவுன்ட் செய்வதை எடுத்துக்கொள்வோம். கெர்னல் முதலில் கொஞ்சம் நினைவகம் வாங்குகிறது. பிறகு டிஸ்கிலிருந்து சூப்பர்பிளாக்கைப் படித்து, அதிலுள்ள மேஜிக் எண் சரிதானா என்று பார்க்கிறது. சரியென்றால், வாங்கிய நினைவகம் அன்மவுன்ட் செய்யும்போது விடுவிக்கப்படும். தப்பென்றால் ஃபங்ஷன் பிழை எண்ணோடு அங்கேயே திரும்பிவிடும். அந்தப் பாதையில் விடுவிக்கும் வரி இல்லையென்றால் அவ்வளவுதான்.

சாதாரண புரோகிராம் முடிந்ததும் அதன் நினைவகத்தைக் கெர்னல் பிடுங்கிக்கொள்ளும். கெர்னலிடமிருந்து யார் பிடுங்குவது? ரீபூட் செய்யும்வரை போனது போனதுதான். கெட்டுப்போன டிஸ்க் இமேஜை ஒரு ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப மவுன்ட் செய்ய முயன்றால், மாதக்கணக்கில் ஓடும் சர்வரும் திணறிவிடும்.

இதற்குக் கெர்னல்காரர்களின் பழைய வைத்தியம் கோட்டூ. ஆம், கல்லூரியில் "தொடாதே" என்று சொல்லித்தரும் அதே கோட்டூ! ஃபங்ஷனின் கடைசியில் லேபிள்களை அடுக்கி, வாங்கியதற்கு நேர் எதிர் வரிசையில் விடுவிப்பார்கள். எந்தப் படியில் சறுக்கினாலும் அதற்குரிய லேபிளுக்குக் குதித்தால் போதும்.

ஆனால் அவசரத் திருத்தம் லீக்கைவிட ஆபத்தானது. மவுன்ட் பாதியில் தோற்றால் புட்-சூப்பர் ஃபங்ஷன் அழைக்கப்படாது. ரூட் தயாரானால்தான் அதற்கு வேலை. கில்-எஸ்பி ஃபங்ஷனோ அப்போதும் அழைக்கப்படும். சில ஃபைல்சிஸ்டங்கள் அதில்தான் நினைவகத்தை விடுவிக்கின்றன. இதைப் பார்க்காமல் பிழைப் பாதையில் ஒரு கே-ஃப்ரீ சேர்த்தால், ஒரே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படும். வெறும் கசிவாக இருந்தது பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

இந்தப் பாதைகள் அன்றாடம் ஓடுவதில்லை. அதனால் வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2007-ல் வந்த 2.6.20 கெர்னலில் நினைவகம் கிடைக்காததுபோல் நடிக்கும் வசதி சேர்ந்தது. 2009-ல் வந்த 2.6.31-ல், எந்தச் சுட்டியும் சுட்டாமல் அநாதையாகக் கிடக்கும் நினைவகத்தைத் தேடிப்பிடிக்கும் கேமெம்லீக் வந்தது.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் முன்னால், அதுவரை என்னென்ன வாங்கியிருக்கிறோம், அதை யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.