தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு மின்கட்டணக் கணக்கு

பினாங்குக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணீர்மலைக்குப் போவீங்களா?" என்பதுதான். அரசாங்கப் பெயர்ப்பலகையில் அது ஜாலான் கெபுன் பூங்கா. ஆங்கிலேயர் காலத்தில் வாட்டர்ஃபால் ரோடு. நமக்கு எப்போதும் தண்ணீர்மலை. மலையிலிருந்து இறங்கும் அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுன் நகரத்துக்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் குடிநீர் கொடுத்தது.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனால் இந்த இடத்தின் அழகே வேறு. சாலையின் இருபுறமும் பெரிய மழைமரங்கள். 1884-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் வாசலில் குரங்குகள். 513 படிகள் ஏறினால் 2012-ல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி கோயில். மேலே நின்று திரும்பிப் பார்த்தால் நகரமும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும்.

கீழே நகரத்தார் கோயில். செட்டிப்பூசத்தன்று பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளிரதம் வந்து சேரும் இடம் இதுதான். அந்த ரதம் 1894-ல் இங்கே வந்தது. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் கட்டிய கோயில் இது. ஊரிலிருந்து வரும் முகவருக்குத் தவணை மூன்று ஆண்டு. தவணை முடிந்து கப்பல் ஏறும்போது வரவும் செலவும் தெளிவாக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்குப் புத்தி நினைவுக்கு வரக் காரணம், இந்த மலையடிவாரத்தில் குடியிருக்கும் என் சித்தி மகன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். 1972-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் அங்கே தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போடும் இடம் அது. சில்லு என்றால் என்ன என்று தம்பிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அவன் வீட்டுப் பின்னறையில் ஓர் அலுமினியச் சட்டம் காலியாக நிற்கிறது. அதில் இப்போது துணி காய்கிறது.

2022 ஏப்ரலில் ஊழியர் சேமநிதியிலிருந்து 10,000 ரிங்கிட் வரை சிறப்பாக எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது நினைவிருக்கும். பலர் கடனை அடைத்தார்கள். தம்பி ஈத்தரியம் என்ற மின்னிலக்க நாணயத்தை வீட்டிலேயே 'மைனிங்' செய்ய மூன்று கிராபிக்ஸ் கார்டுகள் வாங்கினான்.

எந்தக் கார்டு, ஏன்?

கார்டு தேர்ந்தெடுத்ததில் அவனைக் குறை சொல்ல முடியாது. "அக்கா, விலை கூடின கார்டு நல்ல கார்டுன்னு அர்த்தமில்ல" என்று சொல்லி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.

ஈத்தரியம் மைனிங்கில் வேகத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கார்டின் நினைவகம் எவ்வளவு விரைவாகத் தரவைத் தள்ளும் என்பதுதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070 அறிமுக விலை 499 டாலர். 3060 டிஐ 399 டாலர். விளையாட்டுக்கு 3070 மேல். ஆனால் இரண்டின் நினைவக வேகமும் ஒன்றே. அதனால் மைனிங்கில் இரண்டும் ஏறத்தாழ 60 மெகாஹாஷ்தான் கொடுத்தன. 100 டாலர் அதிகம் கொடுப்பது வீண்.

நினைவகத்தின் அளவும் முக்கியம். மைனிங்குக்குத் தேவையான தரவுக்கோப்பு மாதாமாதம் வளர்ந்து, 2020 கடைசியில் 4 ஜிபியைத் தாண்டியது. மலிவாகக் கிடைத்த 4 ஜிபி கார்டுகள் அன்றோடு ஓய்ந்தன.

அடுத்தது மின்சாரம். ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580-ம் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் 30 மெகாஹாஷை ஒட்டி ஓடின. பின்னது 80 வாட் அளவில் அதைச் செய்தது. முன்னதற்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல் வேண்டும். வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது செலவு. 200 வாட் கார்டான 3060 டிஐயை அமைப்பு மாற்றி 120 வாட்டில் ஓட்ட முடிந்தது.

இன்னொரு விஷயம். 2021-ல் என்விடியா மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைத்த கார்டுகளை வெளியிடத் தொடங்கியது. பெட்டியில் பெயர் ஒன்றே, உள்ளே வேகம் வேறு. தம்பி அலைந்து திரிந்து முதல் பதிப்பு 3060 டிஐ மூன்றை, கைமாறியவையாக, ஒன்று 2,500 ரிங்கிட் என்று வாங்கினான். மற்ற சாமான்களுக்கு 1,500. ஆக 9,000.

முதல் 300 யூனிட்டும் அடுத்த 324 யூனிட்டும்

மூன்று கார்டும் மற்றவையும் சேர்த்து 450 வாட். இரவு பகலாக 30 நாள் ஓடினால் 324 யூனிட். அப்போதைய வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட் 33.4 சென், 301-லிருந்து 51.6 சென், 601-லிருந்து 54.6 சென். தம்பி வீட்டில் வழக்கமாக 300 யூனிட். அதாவது 77 ரிங்கிட் பில். மலிவான யூனிட்டையெல்லாம் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் தின்று முடித்துவிட்டன. மைனிங் யூனிட் அத்தனையும் விலை கூடிய படியில்தான் விழுந்தது. 77 ரிங்கிட் பில் 245 ஆனது. வரியும் கூடுதல் கட்டணமும் தனி.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சராசரி விலையைப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். புதிதாக வரும் சுமைக்குக் கடைசிப் படியின் விலையைத்தான் போட வேண்டும்.

பினாங்கு வெயிலையும் சேர்க்க வேண்டும். அறைக்குள் 450 வாட் அடுப்பு ஓயாமல் எரிவதுபோல. தம்பி மனைவி சொன்னார்: "அண்ணி, அந்த ரூம்புல புள்ளைங்க படிக்க முடியாது. ராத்திரி சத்தம் வேற." கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பிலும் ஆபத்து உண்டு. ஹார்டு டிஸ்குக்கான மெல்லிய சாட்டா இணைப்பு 54 வாட்டுக்குத்தான் தாங்கும். ரைசர் பலகை 75 வாட் வரை இழுக்கலாம். அதில் மாட்டி ஓட்டியவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

ஐந்து மாதம்

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஈத்தர் 3,000 டாலருக்கு மேல். ஜூன் நடுவில் 1,000 டாலர் அருகே. முதல் மாதம் 800 ரிங்கிட்டுக்கு மேல் வந்தது, ஜூலையில் 300-ஐ ஒட்டி நின்றது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி ஈத்தரியம் மைனிங் முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. உலகம் முழுவதும் அன்றைக்கு லட்சக்கணக்கான கார்டுகளுக்கு வேலை போனது. அவை எல்லாம் சின்ன நாணயங்களை நோக்கி ஓட, அங்கேயும் பங்கு மெலிந்தது. கைமாறும் கார்டுகளின் விலையும் சரிந்தது.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் இப்படி இருந்தது. வரவு 2,600. மின்சாரம் 840. இரண்டு கார்டு விற்றது 2,200. போட்டது 9,000. குறைவு 5,040. கையில் ஒரு கார்டு மிச்சம்.

அவன் எழுதாத வரி ஒன்று உண்டு. 10,000 ரிங்கிட் சேமநிதியிலேயே இருந்திருந்தால் 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு. இந்த இரண்டு ஆண்டில் மட்டுமே 11,200-ஐத் தாண்டியிருக்கும். அதைச் சொன்னபோது அவன் மனைவி என்னைப் பார்த்தார், அவன் ஜன்னலைப் பார்த்தான்.

கார்டைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு சரி. ஆனால் முதல் எப்போது திரும்பும் என்பதற்கு அவன் முதல் மாத வரவையே மாதாமாதம் போட்டிருந்தான். ஈத்தரியம் மாறப்போகிறது என்பது ஊரறிந்த செய்தி, நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. மூன்று ஆண்டுத் தவணையில் பழகிய கிட்டங்கிக்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பார்: "கடன் வாங்கினவன் கடையை மூடிட்டா அடமானம் என்ன பெறும்?"

இன்றைக்கு யாராவது கேட்டால்

பிட்காயினுக்கு கிராபிக்ஸ் கார்டு 2013 வாக்கிலேயே ஒதுங்கிவிட்டது. அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்களின் காலம் இது. மற்ற நாணயங்களுக்கு ஓட்டலாம் என்றால், 2025 ஜூலை முதல் வந்த புதிய கட்டணத்தில் மூன்று கூறுகளும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். பயன்பாடு கூடக்கூடச் சிக்கனத்துக்கான கழிவும் குறையும். 130 வாட்டில் ஓடும் ஒரே கார்டு மாதம் 94 யூனிட் இழுக்கும். 42 ரிங்கிட் சம்பாதித்தால்தான் பூஜ்ஜியத்தில் நிற்கலாம். கார்டின் விலை அதற்குப் பிறகு.

மின்சாரம் இலவசமாக இருந்தால்தான் லாபம் என்று ஆகும்போது சிலர் மீட்டரில் கைவைக்கிறார்கள். மைனிங் நம் நாட்டில் குற்றமில்லை, மின்திருட்டு குற்றம். 2021 ஜூலையில் சரவாக், மிரியில் 1,069 இயந்திரங்களைக் காவல்துறை சாலை உருளையை ஏற்றி நசுக்கியது. வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டால், மின் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் பில் வரும்.

நான் இருந்த அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பாலிடெக்னிக் முடித்து முதல் சம்பளம் வாங்கியவன். "அண்ணே, கொம்தார்ல ஒரு கார்டு பாத்தேன். மைனிங்ல காசு வந்துடும்ல?" என்றான்.

தம்பி அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் டிசைன் படிப்புக்குப் பயன்படுத்தும் அந்த மூன்றாவது கார்டைக் காட்டினான். "படிப்புக்கோ கேமுக்கோ உனக்கு எது வேணுமோ அந்தக் கார்ட வாங்கு. மைனிங் வருமானத்த சைபர்னு போட்டுப் பாரு. அப்பவும் வாங்கத் தோணுச்சுன்னா வாங்கு" என்றான். பிறகு, "உங்க வீட்டு கரண்ட் பில்ல எடுத்துட்டு வா, சேர்ந்து பாப்போம்" என்றான்.

பையன் பில்லை எடுக்க வீட்டுக்கு ஓடினான். தம்பி நோட்டுப் புத்தகத்தில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, நடுவே கோடு போட்டான்.