ஹெட்டைத் தூக்கும் முன்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழி பக்கம் போகிறவர்கள் சாலையோர லாரிப் பட்டறைகளைப் பார்த்திருப்பார்கள். தகரக் கொட்டகை, ஆயில் குடித்துக் கறுத்த மண் தரை, ஜாக்கியில் ஏறி நிற்கும் ஒரு வண்டி. புது லாரிகள் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடுவதால் இங்கே நிற்பவை பெரும்பாலும் பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய டாடாவும் லேலண்டும்தான். ஜல்லி, செங்கல், ரப்பர் தடி ஏற்றி, மலைக்கும் கேரளத்துக்கும் ஓடித் தேய்ந்தவை.

நாங்கள் போன அன்று நின்றது ஆறு சிலிண்டர் ஹினோ இன்ஜின் கொண்ட ஒரு பழைய லேலண்ட். ஜப்பானின் ஹினோ கம்பெனியோடு அசோக் லேலண்ட் 1980களில் கைகோத்தபோது வந்த இன்ஜின் வகை. ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது, சும்மா நிற்கும்போதும் கேபின் குலுங்குகிறது என்றார் டிரைவர். "ஹெட்டத் தூக்கணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க அண்ணாச்சி." ஹெட் என்றால் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்.

"ஹெட்டு எங்கயும் ஓடிப்போவாது. மொதல்ல எந்த சிலிண்டர் அடிக்கல்லண்ணு பாப்பம்" என்றார் மேஸ்திரி. அறுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரே ஒரு ஸ்பேனர்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். டீசல் உள்ளே போகாமல் நட்டோரம் கசிந்தது. அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. நல்ல சிலிண்டர் என்றால் அப்படித்தான் இறங்க வேண்டும். முதல் மூன்றிலும் இறங்கியது. நான்காவதைத் தளர்த்தினார், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இவன்தான் கள்ளன்" என்று முறுக்கிவிட்டு இன்ஜினை அணைத்தார்.

கழற்றிய நாசிலைக் கைப்பம்பு வைத்த டெஸ்டரில் பூட்டினார்கள். இந்த வகை நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்து, கர்ரென்ற சத்தத்தோடு டீசலைப் புகைபோலத் தூவ வேண்டும். இதுவோ முனையில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. தூவாத டீசல் முழுதாக எரியாது; அதுதான் கரும்புகை. தொட்டுப் பார்க்கப் போன உதவிப் பையனின் கையைத் தட்டிவிட்டார் மேஸ்திரி. "லேய் மக்கா, கைய எடு. தோலத் தொளச்சி உள்ள போயிரும்." மிகையில்லை. அந்த அழுத்தத்தில் பாயும் டீசல் தோலுக்கடியில் புகுந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

அதோடு விட்டிருந்தால் நாசிலை மாற்றி வண்டியை அனுப்பியிருக்கலாம். அவர் டீசல் வரும் வழியில் பின்னோக்கிப் போனார். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், தண்ணீரும் அழுக்கும் தங்குகிற கிண்ணத்தைத் திறந்தார். துருநிறத் தண்ணீர் வந்தது. டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அதைக் கழுவாமல் புது நாசில் போட்டால் அதுவும் இதே கதிதான்.

இவர்களுடைய தொழிலில் பாதி இப்படிச் சின்னச் சின்னக் கணக்குகள். வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியான டேப்பட் கேப் வைக்கும்போது ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஜோடி சிலிண்டர்களின் எண்ணைக் கூட்டினால் ஏழு. ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்க ஆடும் நேரத்தில், முதல் சிலிண்டரில் இரண்டும் மூடியிருக்கும். அப்போது அதற்குக் கேப் வைக்கலாம். ஐந்து ஆடினால் இரண்டு, நான்கு ஆடினால் மூன்று. எழுத்தில் படித்ததைவிட, ராக்கர் கவரைத் திறந்து ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கடலோரம் வேறு கதை. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைகளிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புநீராக வடிந்து, சேசிஸையும் வயர் நுனிகளையும் அரிக்கிறது. செல்ஃப் சுற்றவில்லை என்று வண்டி வந்தால், அனுபவஸ்தர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதில்லை. பாட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு நேரடியாக ஒரு கேபிளைப் பிடிக்கிறார். சுற்றினால் பழுது எர்த் வயரில். பச்சை பூத்த நுனியைச் சுரண்டி முறுக்கினால் முடிந்தது.

டீசல் வண்டி இந்தச் சீமைக்குப் புதிதில்லை. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, லண்டனிலிருந்து வரவழைத்த இ.ஜி. சால்ட்டரின் பொறுப்பில், பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் வைத்த காமர் வண்டிகள் இறங்கின. நாகர்கோவிலைச் சுற்றிய இந்த நாஞ்சில் நாடு அன்று அந்தச் சமஸ்தானத்துக்குள். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்த பிறகு, அந்த இணைப்புக்குப் போராடிய மார்ஷல் நேசமணி பெயரில் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகமே ஓடியது. இங்குள்ள விசைப்படகுகளிலும் லேலண்ட் இன்ஜின் பரவலாக ஓடுவதால், டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்குப் படகும் லாரியும் ஒன்றே.

இந்தப் பழைய வண்டிகள் இனி எத்தனை நாள் ஓடும் என்பது வேறு கணக்கு. 15 வயது தாண்டிய கனரக லாரிக்கு ஃபிட்னஸ் புதுப்பிக்கும் கட்டணத்தை ஒன்றிய அரசு 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் ஆக்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்), கம்ப்யூட்டர், யூரியா டேங்க். அங்கே பைப் நட்டைத் தளர்த்தும் வேலையே கூடாது. ரெயிலில் அழுத்தம் 1,500 பாருக்கு மேல் போகும், உயிருக்கே ஆபத்து. ஸ்கேனரை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளைப் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. அவை கக்கும் புகையை மூச்சில் வாங்குவது, இதே பட்டறைகளில் நிற்கிற ஆட்கள்தான். ஆனால் ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பார்த்து உடனே சாமானை மாற்றுகிறவருக்கும், பார்க்காமலே ஹெட்டைத் தூக்கச் சொல்கிறவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்த பிறகே கழற்றுவது என்ற ஒழுங்கு இரண்டு காலத்துக்கும் வேண்டும். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்கு இந்த மேஸ்திரிகளை அழைத்து மாதம் ஒரு வகுப்பு வைத்தாலே போதும், பெரிய செலவில்லை.

பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு: வாரம் ஒருமுறை டீசல் கிண்ணத்தின் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இழுவை இல்லை என்று போனால், நட்டைத் தளர்த்தி உங்கள் முன்னால் ஒவ்வொரு சிலிண்டராகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் ஹெட்டில் கை வைக்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.