கிள்ளானுக்குப் போகாத லேகியம்

அமராவதி நகரிலிருந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு மாலையில் கிளம்பினேன். தாராபுரம், கரூர் வழியாகத் திருச்சி விமான நிலையம். கரூர் வரைக்கும் எங்கள் அமராவதி ஆறு விட்டு விட்டுக் கண்ணில் படும். திருமுக்கூடலூரில் அது காவிரியில் கலந்தபின் காவிரிக்கரைப் பயணம். மலேசியாவின் கிள்ளானில் அத்தை மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். அத்தையின் மடியில் லேகிய டப்பா.

"பாஸ்போர்ட் நாலு மாசத்துல முடியுதுங்கம்மா. மலேசியாவுக்கு ஆறு மாசம் இருக்கணும்," என்றார் கவுன்டரில் இருந்த பெண்.

"பேத்தியப் பாத்துட்டுப் பத்து நாள்ல வந்தர்றேன் கண்ணு."

"அங்க உள்ளே விடலைன்னா நாங்கதாம்மா திருப்பிக் கூட்டிட்டு வரணும்."

அவர் சொன்னது உண்மை. விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பு அப்படித்தான் சொல்கிறது. அதோடு விமான நிறுவனம் கட்டும் அபராதம் நாட்டுக்கு நாடு வேறு; ஆவணமில்லாதவரை இங்கே இறக்கினால் ஒரு லட்சம் ரூபாய் என்று இந்தியாவும் 2000இல் சட்டம் போட்டது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா கேட்பதில்லை. அதை நம்பித்தான் டிக்கெட் போட்டேன். விசா இல்லையென்றால் முன்கூட்டியே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கத் தூதரகமும் இல்லை. கவுன்டரில்தான் முதல் சோதனை.

திரும்பும் வழியெல்லாம் 1987தான் நினைவில் ஓடியது. அந்த பிப்ரவரியில், இலங்கைப் போரிலிருந்து தப்பி லண்டன் ஹீத்ரூவில் இறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பியனுப்பப் பார்த்தார்கள். விமானத்தில் ஏற மறுத்து, ஓடுதளத்துக் குளிரில் உடைகளைக் களைந்து நின்றார்கள் அவர்கள். நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அடுத்த மாதமே பிரிட்டன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது: உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1000 பவுண்டு கட்ட வேண்டும். அது சட்டமாகி, 1991இல் அந்தத் தொகை இரட்டிப்பானது.

ஹீத்ரூவில் நின்றவர்களுக்கு வக்கீல் கிடைத்தார், நீதிபதி கேட்டார். அந்தச் சட்டத்துக்குப் பிறகு கொழும்பிலோ சென்னையிலோ கவுன்டரில் தடுக்கப்பட்டவருக்கு யார் இருந்தார்கள்? உயிருக்கு ஓடி வருபவரை ஏற்பதா வேண்டாமா என்பதை அரசு தீர்மானிக்க வேண்டும். அந்தப் பாரத்தை மாதச் சம்பளத்துக்கு டிக்கெட் சரிபார்ப்பவர் தலையில் ஏற்றியது பெரிய அநியாயம். சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அத்தைக்குப் புது பாஸ்போர்ட் எடுத்துவிடலாம். தாராபுரம் வரும்போது விடிந்துவிட்டது.

"இன்னும் நாலு மாசம் இருக்குதுன்னுதானே அதுல போட்டிருக்குது?" என்று மறுபடியும் கேட்டார். லேகிய டப்பாவை மடியைவிட்டு இறக்கவே இல்லை.