பளிச்சென்ற பல்

பொம்மிக்கு வாய் நாறியது. நாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். முகத்தை நக்க வந்தால் தள்ளிவிடுவேன்.

தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஏகப்பட்ட காரை, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். ஒன்பது வயது பொமரேனியனுக்கு மயக்க மருந்தா என்று வீட்டில் பதறினேன். பயம் பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன தொகை அதைவிடப் பெரிய பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முடி வெட்ட வரும் பையன் மயக்கமே வேண்டாம், சுரண்டிவிடலாம் என்றான். பிடித்துக்கொண்டது நான்தான். கால்களை மடிக்குள் இறுக்கி, ஒரு கையால் தாடையைப் பிடித்தேன். அவள் கத்தவில்லை, நடுங்கினாள். ஈறில் ரத்தம் கசிந்தது. “அது வரும் சார்.” முடிந்ததும் பல் பளிச்சென்றிருந்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

எட்டு மாதத்தில் வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். பூச்சி கடித்திருக்கும் என்று நாலு நாள் சொட்டு மருந்து விட்டேன். எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது: மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லில், வேர் நுனியில் சீழ். மூன்று வேர் உள்ள பல் அது. வேர் கிட்டத்தட்ட கண்ணுக்கு அடிவரை போகிறது.

“முன்னாடி எங்கயாவது க்ளீன் பண்ணீங்களா?”

“இல்ல டாக்டர்.”

அவர் முன்பல்லில் இருந்த கீறல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட விடாது. சுரண்டிய பல்லை மெருகேற்றாவிட்டால் அந்தச் சொரசொரப்பில் காரை இன்னும் சீக்கிரம் ஏறும். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டிருப்பதால் அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகாது. தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்திரண்டில் ஐந்து பல் போனது. செலவு, முதலில் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இப்போது நாய்களுக்கான பேஸ்ட் வாங்கி ராத்திரி துலக்குகிறோம். என் மனைவி கூப்பிட்டால் வாயைக் காட்டுகிறாள். நான் பிரஷ்ஷை எடுத்தால் கட்டிலுக்கு அடியில்.

அந்தப் பையன் போன மாதமும் வந்தான். நான் எடுத்த போட்டோவைத்தான் மற்ற வீடுகளில் காட்டுகிறானாம். “நல்லா இருக்கு சார், எல்லாரும் கேக்கறாங்க” என்றான். காசைக் கொடுத்து அனுப்பினேன். ஐந்து பல் போனதைச் சொல்லவில்லை.