அடைப்பத்தில் கிடந்த கத்தி

தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரட்டுக்களத்து மரத்தடியில் முக்காலி போட்டு, லயத்து ஆண்களுக்கு முடிவெட்டிச் சவரம் செய்வார். தோட்டம் செம்பனைக்கு மாறி லயம் இடிபட்டபோது வீடு வந்து சேர்ந்த சாமான்களில் அவருடைய அடைப்பமும் இருந்தது. தோல் இற்றுப்போன அந்தப் பைக்குள் ஒரு கத்தரிக்கோல், படிக்காரக் கட்டி, துருவேறிய மடக்குச் சவரக்கத்தி. அந்தக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போனேன்.

நான் தேடிப்போனவர் எழுபதைத் தாண்டிய முடிதிருத்துநர். கடையில் வாடிக்கையாளருக்கு அவர் இந்த வகைக் கத்தியைத் தொடுவதே இல்லை. பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகி, ஒருவருக்குப் போட்டதும் எறிந்துவிடுகிறார். தைப்பூச மொட்டைக்கும் அதேதான். இரத்தத்தில் பரவும் நோய்களை எண்ணினால் இது சரியான மாற்றம்; அதில் எனக்கு வருத்தமில்லை. பழைய கத்திகளைப் பழுது பார்ப்பதை அவர் கடையின் பின்கட்டில், மதியம் ஆள் வராத நேரத்தில் செய்கிறார்.

கத்தியின் வாலை அவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் ‘சோலிங்கன்’ என்ற எழுத்து தெரிந்தது. ஜெர்மனியின் கத்தி நகரம் அது. அந்தப் பெயரை வேறு ஊர்க் கத்தியில் பொறிக்கக் கூடாதென்று 1938இலேயே சட்டம் போட்டுக் காத்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளும் தம்மிடம் வந்ததுண்டு என்றார்.

“தம்பி, பிடியைப் பாருங்க. கத்தியக் கெடுத்தது மழை இல்ல, இதுதான்.”

யானைத் தந்தம் போலிருந்த பிடி செல்லுலாய்டு. பழசானால் அது தானே சிதைந்து அமில ஆவியைக் கக்கும். மடித்து வைத்த எஃகை அந்த ஆவி அரிக்கும். பிடி மூடியிருந்த பகுதியில்தான் துரு ஆழமாக இருந்தது. அதை முழுக்க எடுக்க அவர் முயலவில்லை. குழிகளைத் தேய்த்து ஒழிக்கப் போனால் கத்தியே மிஞ்சாது, வாய் நன்றாக இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

முதலில் ஆணித் தலையை ஊசி அரத்தால் ராவி, மெல்லிய துளைக்கம்பியால் தட்டிப் பிடியைக் கழற்றினார். பிறகு எண்ணெய் தொட்ட உப்புத்தாள்: 400, 600, 1000, 2000 என்று கையாலேயே தேய்ப்பு. கிரைண்டரை அவர் தொடவில்லை. சூடேறி எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும். அந்த வாய் பிறகு கூர் தாங்காது. கடைசி மெருகுக்கு மோட்டார் கடையில் விற்கும் ஆட்டோசோல் பசை. அதைத் தயாரிக்கும் தொழிற்சாலையும் சோலிங்கனில்தான் இருக்கிறது என்பதை நான் சொன்னபோது, குழாயை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

புதுப் பிடிக்கு எருமைக் கொம்பு. கெடா நெல் நாடு. டிராக்டர் வந்து எருமை குறைந்தாலும், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்குப் பின் கம்பத்து மலாய் நண்பர் ஒருவர் கொம்பு கொடுத்தனுப்புகிறாராம். வாளால் அறுத்து, கொதிநீரில் இளக்கி, இரண்டு பலகைக்கிடையே இறுக்கித் தட்டையாக்குகிறார். இரு பக்கத் தகடுகளும் சுமார் 3 மில்லிமீட்டர் கனம். தூசியை மூச்சில் இழுக்காதிருக்க முகக்கவசம். அடிப்பக்கம் இரண்டுக்கும் நடுவே சின்ன ஆப்பு ஒன்று. அதன் சரிவு பிசகினால் மடக்கும்போது வாய் பிடியில் இடிக்கும். அந்த ஆப்பை மட்டும் நான்கு முறை ராவிப் பார்த்தார். ஆணிக்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. இரு முனையிலும் பித்தளை வாஷர் போட்டு, குமிழ்ச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தலை விரித்தார். ஓங்கி அடித்தால் கொம்பு வெடிக்கும்.

சாணை பிடிக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். சாய்வுக்கு முதுகே அளவுகோல். கல்லில் வாய் முன்னே போகும், தோல்வாரில் முதுகு முன்னே போகும். மாற்றினால் வார் கிழியும்.

“ஒங்க தாத்தாவுக்கு இது தெரியாம இருக்குமா? மரம் வெட்டினவரு லா.”

அவர் சொன்னது எனக்குள் நெடுநேரம் நின்றது. பால்மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்; கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மரத்தில் பழகிய அதே கைப்பதத்தோடுதான் தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர் கன்னத்தையும் தொட்டிருக்கிறார். இதே வட்டாரத்தின் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். தோட்டத்து மனிதர் எஃகோடு பழகிய அறிவையோ யாரும் எழுதி வைக்கவில்லை.

2023இல் ஜவுளி, நகை, முடிதிருத்தும் தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க அரசு ஒப்புதல் அறிவித்தது. கடை நாற்காலிக்கு ஆள் வரலாம். பின்கட்டு வேலைக்கு வேண்டிய உப்புத்தாள், கம்பி, கொம்பு, கல் எல்லாம் இந்தச் சிற்றூர்களிலேயே கிடைக்கின்றன. அவரிடம் கற்றுக்கொள்ள மட்டும் ஒருவரும் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படியொரு கத்தி கிடக்கலாம். தயவுசெய்து அதை கிரைண்டரில் கொடுக்காதீர்கள். பழைய செல்லுலாய்டுப் பிடியாக இருந்தால் மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, உங்கள் ஊரின் மூத்த முடிதிருத்துநரிடம் காட்டுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.