ஒரு பல் விலகல்

மர்ஹூம் அத்தா விட்டுச் சென்ற மாருதி 800 எங்களுடையது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியை விற்க மனமில்லை. சென்ற மாதம், சாத்தூர் வீட்டு முற்றத்தில் நானும் மகனும் அதன் டைமிங் பெல்ட்டை மாற்றினோம்.

கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழன்றால் கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுழலும். அக்கணக்குப் பிசகாதிருக்கவே இரண்டின் பற்சக்கரங்களிலும், அவற்றுக்கு நேராக எஞ்சினிலும் குறிகள் இட்டிருக்கின்றனர். கலைப் பட்டதாரியான நான் மேற்குறியை மட்டும் பார்த்துத் திருப்தியுற்றேன்.

"அத்தா, கீழே ஒரு பல் விலகியிருக்கிறதே!"

"உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டினேன்.

அவன் மறுபேச்சின்றி, ஸ்பானரால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினான். மேற்குறி நேரே வந்து நின்றது, கீழ்க்குறி பொருந்தவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வுகள் காலந்தவறித் திறந்து மூடியிருக்கும். மதரஸாவில் பிள்ளைகள் ஓதுகையில் ஓரெழுத்துப் பிசகையும் விடாதவன் நான்!

பெல்ட்டைக் கழற்றி மீண்டும் மாட்டினோம். கீழ்க்குறியை இம்முறை அவனையே பார்க்கச் சொன்னேன். மஃரிப் பாங்கு ஒலிக்குமுன் எஞ்சின் சீராக ஓடியது.