ஒரு நாள் கூடாரம்

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் கடைசி வரைக்கும் போயிருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் திருவொற்றியூரில் இறங்கி ஸ்வாமி தரிசனம் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோம்பலை விட்டு, காலையில் மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். எண்ணூரில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் எட்டிப் பார்க்கும். அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டியதும் காற்று மாறும். பொன்னேரியில் வயல்கள் வரும். கவரைப்பேட்டைக்கு அடுத்தது கும்மிடிப்பூண்டி. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பிரயாணம்.

கும்மிடிப்பூண்டி என்றதும் பலருக்கும் நினைவு வருவது சிப்காட் தொழிற்பேட்டைதான். நம் வீட்டுக் கூரைக்குப் போடும் இரும்புக் கம்பி இங்கே உருகி, நீண்டு, கட்டாகி லாரி ஏறுகிறது. பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து வேலை செய்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ஹிந்தியும் ஒடியாவும் தெலுங்கும் கேட்கும். அந்தச் சந்தடியில் கொஞ்சம் காது கொடுத்தால் இன்னொரு தமிழும் கேட்கும். "ஓம்" என்று தலையாட்டும் தமிழ். "எங்கட ஊர்" என்று சொல்லும் தமிழ்.

ஆம், தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 1990-ல் அங்கே மறுபடியும் யுத்தம் மூண்டபோது, படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்து, மண்டபத்தில் பதிந்து, ரயிலிலும் பஸ்ஸிலும் இவ்வளவு தூரம் கொண்டுவரப்பட்டவர்கள். ஊர்க்காரர்கள் இதைச் சுருக்கமாகக் "கேம்ப்" என்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் "கேம்ப்" என்றால் போதும், வேறு அடையாளம் வேண்டாம்.

இந்த "கேம்ப்" என்ற சொல்லால் ஒரு வீட்டில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள்.

பெயின்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவர், ஒரு நண்பர் மூலம் எனக்கு அறிமுகமானார். 1990-ல் தாயின் மடியில் கைக்குழந்தையாக வந்தவர். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பிள்ளை. அவருடைய அண்ணன் குடும்பம் கனடாவில், டொரண்டோவில் இருக்கிறது. கோடை விடுமுறையில் அவர்கள் அல்காங்குவின் என்ற பெரிய வனப் பூங்காவுக்குப் போய், ஏரிக்கரையில் கூடாரமடித்து இரண்டு நாள் தங்கி, படங்களைத் தொலைபேசியில் அனுப்பியிருந்தார்கள். 1893-லேயே ஏற்பட்ட பூங்கா அது. பச்சை நிறக் கூடாரம், அதன் முன்னால் நெருப்பு, குச்சியில் எதையோ வாட்டித் தின்னும் பெரியப்பா மகன்.

பையன் பார்த்தான். பார்த்துவிட்டு, "அப்பா, நாமளும் கேம்ப் போலாமாப்பா?" என்று கேட்டான்.

வீடே ஒரு கணம் மௌனமாயிற்றாம். பிறகு அப்பம்மா, அதாவது தகப்பனாரின் தாயார், சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "முப்பத்தஞ்சு வருசமா நாங்கள் கேம்பிலதானே ராசா இருக்கிறம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது கூடாரம்.

ஆகவே ஒரு ஞாயிறன்று பழவேற்காட்டுக்குப் புறப்பட்டார்கள். என்னையும் அழைத்தார்கள், மறுப்பேனா? பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பஸ். தகப்பனார் தோளில் வேலைக்கு விரிக்கும் தார்ப்பாய், பெயின்ட் புள்ளிகளோடு. பையன் கையில் கயிறு. மருமகள் கையில் புளிச்சோறும் மீன் பொரியலும்.

பழவேற்காடு ஏரியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாய் இறங்கும். படகுச் சவாரிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அப்பம்மாவும் படகுகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒருக்கா ஏறினது காணும் தம்பி" என்றார்.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பையன் அவற்றோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அந்த டச்சுக்காரர்கள். 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கி விற்றார்கள். மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்கவும் செய்தார்கள். அவர்களும் குடும்பத்தோடு அயல்நாட்டில் வாழ்ந்து, இங்கேயே கண்ணை மூடியவர்கள்தாம்.

விவரத்தைச் சொன்னதும் அப்பம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஒல்லாந்தரோ? எங்கட மன்னார்க் கோட்டையும் அவங்களிட்டதானே இருந்தது!" உண்மைதான். போர்த்துக்கீசியர் 1560-ல் கட்டிய மன்னார்க் கோட்டையை 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். அந்த ஒரு பெயரைக் கேட்டதும் அம்மாளின் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது! அந்நியச் சீமையில் ஊர்க்காரரைச் சந்தித்தது போல அந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனால் கடல். கரையோரம் இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, தார்ப்பாயைப் போட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்ததும் கூடாரம் தயார். பையன் உள்ளே படுத்தான், வெளியே வந்தான், மறுபடி படுத்தான். சோற்றைக்கூட உள்ளேயே உட்கார்ந்து தின்றான்.

வெயில் சாய்ந்ததும், "இன்னிக்கு இங்கியே தூங்கலாம்பா" என்றான்.

தகப்பனார் பதில் சொல்லாமல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முகாமில் இருப்பவர்கள் வெளியூரில் இரவு தங்குவதென்றால் அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற வேண்டும். தணிக்கை நாளில் எல்லோரும் நேரில் இருக்க வேண்டும். உதவித்தொகை அதைப் பொறுத்தது. 2021-ல் அந்தத் தொகை உயர்த்தப்பட்டது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. மறுநாள் தணிக்கை. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடித்தோம்.

கூடாரத்தில் தங்குவதில் என்ன ருசி என்று யோசித்துப் பாருங்கள். கொசு கடிக்கும், முதுகில் கல் குத்தும். ஆனாலும் சுகமாயிருக்கிறது, திங்கட்கிழமை திரும்பிப் போக வீடு இருக்கிறதல்லவா? டொரண்டோவில் பிறந்த பெரியப்பா மகன், பிறந்த கணத்திலேயே கனடாக் குடிமகன். கும்மிடிப்பூண்டியில் பிறந்த இந்தப் பிள்ளையின் கதை வேறு. இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. இவனுடைய தாய், தகப்பன் இருவருமே அகதிகள். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, பார்த்தறியாத இலங்கையின் குடிமகனாகலாம். அப்படிப் பதிவதற்கு, சந்திரஹாசன் 1984-ல் ஏற்படுத்திய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பலருக்கு உதவியிருக்கிறது.

எல்லாம் அப்படியே நிற்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2021-ல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பத்தடிக்குப் பத்தடிக் குடிசைகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல முகாம்களில் வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் மத்திய அரசும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை மட்டும் அதில் இல்லை.

பழவேற்காட்டுக்கு நீங்களும் குழந்தைகளோடு போய் வாருங்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள்; கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில், பெயின்ட் புள்ளி விழுந்த தார்ப்பாயை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை ஏறினால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.